20க்கு 13 என்பது 2.6 அல்ல: பிரெஞ்சுப் பட்டத்தோடு அமெரிக்க பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பிப்பது

பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, 20க்கு 13 சராசரியோடு வெளியே வருபவர் அந்த ஊர்க் கணக்கில் நல்ல மாணவர். சான்றிதழில் ‘அசே பியென்’ (ஓரளவு நன்று) என்ற தரக்குறிப்பும் இருக்கும். அந்த 13ஐ அமெரிக்கர்களின் 4 புள்ளி அளவுக்கு நேர்விகிதத்தில் மாற்றினால் 2.6 வருகிறது. அமெரிக்கக் கல்லூரியில் 2.6 என்றால் தட்டுத்தடுமாறித் தேறியவர் என்று பொருள். படிவத்தில் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண் என்று ஒரு கட்டம் கிடப்பதால், அதைக் காலியாக விடக்கூடாது என்று நினைத்து இந்த 2.6ஐத் தன் கையாலேயே எழுதிவைப்பதுதான் பிரெஞ்சு விண்ணப்பதாரர் செய்யக்கூடிய மிக மோசமான பிழை.

பிரெஞ்சுப் படிப்புக்கு அமெரிக்காவில் மதிப்புக் குறைவு என்பது உண்மையல்ல. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் 1926 முதல் 1966 வரை பாடம் நடத்திய ஜார்ஜ் டோரியோ பாரிசில் பிறந்தவர். ஃபோந்தன்புளோவில் 1957இல் இன்சியாட் பிசினஸ் ஸ்கூல் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. இந்த இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று நெடுங்காலமாக அறியும். சிக்கல் ஆவணங்களில் இருக்கிறது. பிரெஞ்சு மதிப்பெண் பட்டியல், படிப்பவருக்கு அந்த நாட்டு முறை முழுவதும் தெரியும் என்ற நினைப்பில் அச்சிடப்படுகிறது. எண்கள் இருக்கும், சுருக்கெழுத்துகள் இருக்கும், விளக்கம் இருக்காது. ஒரு கோப்பை அரைமணி நேரம்கூடப் பார்க்காத அமெரிக்கத் தேர்வாளருக்கு அந்த விளக்கத்தைத் தருவது விண்ணப்பதாரரின் வேலை. மதிப்பெண்ணை மாற்றித் தருவது அவர் வேலை அல்ல.

முதலில், கையிலிருப்பது என்ன பட்டம்?

ஐரோப்பிய நாடுகளின் பட்ட முறைகளை ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த 1999ஆம் ஆண்டின் பொலோன்யா உடன்பாட்டுக்குப் பிறகு, 2002 முதல் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் மூன்றடுக்கு முறைக்கு மாறின. லிசான்ஸ் மூன்று ஆண்டு, 180 ஐரோப்பியக் கிரெடிட். அதன் மேல் மாஸ்டர் இரண்டு ஆண்டு, 120 கிரெடிட். பிறகு முனைவர் பட்டம். அமெரிக்க இளங்கலையோ நான்கு ஆண்டு. ஆகவே ‘மூன்றாண்டு லிசான்ஸ் செல்லுமா’ என்பதே எல்லோருடைய முதல் கேள்வியாக இருக்கிறது. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் மூன்றாண்டுப் பட்டத்தை வெளிப்படையாகவே ஏற்கின்றன. பெரிய தனியார் பள்ளிகளில் இது இன்று பெரும்பாலும் பிரச்சினையே இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் மாநிலப் பல்கலைக்கழகங்கள். அங்கே பட்டம் தகுதியுடையதா என்று முடிவு செய்யும் அதிகாரம் பல நேரங்களில் பிசினஸ் ஸ்கூலிடம் இருப்பதில்லை. பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பிரிவிடம் இருக்கும். அந்தப் பிரிவு நாடுவாரியாக ஏற்கத்தக்க பட்டங்களின் பட்டியல் வைத்திருக்கும். கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பட்டியலில் பிரான்ஸ் என்ற வரியைத் தேடிப் பார்த்துவிடுங்கள். நான்கு ஆண்டு கட்டாயம் என்று அடம்பிடிக்கும் இடத்தில் மாஸ்டர் முதலாண்டு கைகொடுக்கும். லிசான்சின் 180உம் மாஸ்டர் முதலாண்டின் 60உம் சேர்ந்தால் 240 கிரெடிட், அதாவது நான்கு ஆண்டு. மாஸ்டர் முதலாண்டு தேறியவர், கேட்டால், ‘மேத்ரீஸ்’ என்ற பழைய நான்காண்டுப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் இன்றும் தரும். கேட்காவிட்டால் தராது. இரண்டாம் ஆண்டை முடிக்காமல் நின்றுவிட்டவர்களுக்கு இது பெரிய உதவி. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெயரில் ‘பேச்சிலர்’ என்று இருப்பதை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. பிரான்சில் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் படிப்புக்குப் பெயராக வைத்துக்கொள்ள முடிந்தது. அரசு அங்கீகரித்த ‘லிசான்ஸ் தரநிலை’ பெற்ற பேச்சிலர் படிப்புகள் உண்டு. 2021இல் தொடங்கிய தொழில்நுட்பப் பேச்சிலர் தேசியப் பட்டமே. டியுடி என்ற பழைய இரண்டாண்டுத் தொழில்நுட்பப் பட்டயத்தின் இடத்தை மூன்று ஆண்டு, 180 கிரெடிட் என்று அது பிடித்தது. இவற்றுக்கு வெளியே, தனியார் பள்ளிகள் தரும் பேச்சிலர்களில் பல வெறும் ஆர்.என்.சி.பி. பதிவு பெற்றவை. அது தொழில்முறைச் சான்றுகளின் தேசியப் பதிவேடு. அதில் 6ஆம் நிலை என்றால் பள்ளிக்குப் பின் மூன்று ஆண்டுக்கு நிகரான தகுதி. 7ஆம் நிலை என்றால் ஐந்து ஆண்டுக்கு. வேலை வாங்க இது போதும். கல்விப் பட்டம் என்ற பொருளில் இது லிசான்சும் ஆகாது, மாஸ்டரும் ஆகாது. பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே தரும் ‘டிப்ளோம் துனிவெர்சித்தே’யும் இப்படித்தான்: முத்திரை பல்கலைக்கழகத்துடையது, பட்டம் தேசியப் பட்டம் அல்ல. போட்டித் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் உயர்கல்விப் பள்ளிகளான கிராந்த் எக்கோல்கள் நடத்தும் ‘மஸ்தேர் ஸ்பெசியாலிசே’ அந்தப் பள்ளிகளின் கூட்டமைப்பு தரும் முத்திரை. இவற்றையெல்லாம் கூடுதல் படிப்பு என்று காட்டலாம். முதல் பட்டமாகக் காட்டினால் சேர்க்கை கிடைத்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு பொறி ‘எம்பிஏ’ என்ற பெயர். பிரான்சின் சில தனியார் பள்ளிகள் 23 வயது மாணவருக்கும் எம்பிஏ என்று அச்சிட்டுக் கொடுக்கின்றன. ஏற்கெனவே எம்பிஏ முடித்தவர் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் அமெரிக்கப் பள்ளிகள் பல. அப்படியொரு தாள் கையில் இருந்தால் மறைக்காதீர்கள். அது அரசு அங்கீகாரம் பெற்ற பட்டமா, வேலை அனுபவம் இல்லாதவர்களுக்கான படிப்பா என்பதை விளக்கி, படிவத்தைத் திறப்பதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பி.இ. அல்லது பி.காம். முடித்து, பிரான்சில் ஒரு எம்எஸ்சி படித்துவிட்டு அங்கிருந்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முதல் பட்டம் இந்தியப் பட்டம். தேர்வாளர் முதலில் திறப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் அல்லது சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலைத்தான். பிரெஞ்சுப் பட்டம் இரண்டாவதாக வரும். மூன்றாண்டு பி.காம். செல்லுமா என்ற கேள்விக்குப் பிரெஞ்சு லிசான்சுக்கான பதிலை வைத்துக்கொள்ள முடியாது. பல பள்ளிகள் பொலோன்யா நாடுகளின் மூன்றாண்டுப் பட்டத்தையும் இந்திய மூன்றாண்டுப் பட்டத்தையும் தனித்தனியாகவே பேசுகின்றன. மாறாக, பாரிஸ் வட்டாரமான ஈல் த பிரான்சில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பாண்டிச்சேரி வழிவந்தவர்களுக்கும், அங்கேயே லிசான்ஸ் படித்திருந்தால், இந்தக் கட்டுரை முழுவதும் அப்படியே பொருந்தும்.

மதிப்பெண் என்ற புதிர்

பிரெஞ்சு அளவில் 10 தேர்ச்சி. 12க்கு அசே பியென், 14க்கு பியென், 16க்கு த்ரே பியென். 20 கடவுளுக்கு, 19 வாத்தியாருக்கு என்று அங்கே ஒரு பழைய கேலி உண்டு. சட்டத்திலும் இலக்கியம், வரலாறு போன்ற துறைகளிலும் 15ஐத் தாண்டுவது அபூர்வம். கணிதத்தில் விடை சரியாக இருந்தால் 18ஐத் தடுக்க முடியாது, அங்கே எண்கள் கொஞ்சம் தாராளம். அதாவது 20 என்பது கூரை அல்ல. நடைமுறைக் கூரை 16 அருகில் இருக்கிறது. அது துறைக்குத் துறை நகரவும் செய்கிறது. நேர்விகித மாற்றம் தவறாவதற்குக் காரணம் இதுதான். வழக்கத்தில் இருக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளில் 14க்கு மேல் ஏ, 12 சுற்று வட்டாரம் பி பிளஸ், 10 என்றால் சி என்கிற மாதிரிதான் போகும். ஆனாலும் அந்த அட்டவணைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே அவற்றில் தனக்குச் சாதகமானதை எடுத்துப் படிவத்தில் 3.7 என்று போட்டுவிடுவதும் தவறுதான்.

பெரும்பாலான பள்ளிகளின் குறிப்பிலேயே விடை இருக்கிறது: மாற்றாதீர்கள். பட்டியலில் உள்ளபடி 13.2 என்று எழுதி, அளவு 20 என்று தேர்ந்தெடுங்கள். 4 புள்ளிக்கு மட்டுமே இடம் தரும் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்படி விடச் சொல்லியே பல படிவங்களில் குறிப்பு இருக்கும்.

எண்ணைவிட வலுவான ஒன்று உண்டு: வரிசை இடம். ‘142 பேரில் 11ஆவது’ என்ற ஒரே வரியைப் பாஸ்டனில் இருப்பவரும் சிகாகோவில் இருப்பவரும் விளக்கம் இல்லாமல் புரிந்துகொள்வார்கள். சில பல்கலைக்கழகங்கள் இதைப் பட்டியலிலேயே அச்சிடும். மற்ற இடங்களில் ஸ்கொலாரித்தே எனப்படும் பதிவு அலுவலகத்தில் வரிசைச் சான்று கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள், உடனே அல்ல. வகுப்பின் சராசரியும் மிக உயர்ந்த மதிப்பெண்ணும் கிடைத்தால் இன்னும் நல்லது: வகுப்புச் சராசரி 10.4, முதலிடம் 15.1, நான் 13.2 என்று மூன்று எண்களை அடுக்கிவிட்டால் வேறு வாதமே தேவையில்லை.

அடுத்து ஈடுகட்டல். எக்கனோமெட்ரிக்சில் 8, நுண்பொருளியலில் 13, இரண்டும் ஒரே பாடத்தொகுப்பு என்றால் சராசரி 10ஐத் தாண்டுவதால் இரண்டும் தேர்ச்சி, கிரெடிட்டும் முழுதாக உண்டு. பிரெஞ்சு விதிப்படி இதில் குறையே இல்லை. அமெரிக்கக் கண்ணுக்கு 20க்கு 8 என்றால் 40 விழுக்காடு, அப்பட்டமான எஃப். அதுவும் கணக்கு சார்ந்த பாடத்தில். ஈடுகட்டல் முறை இன்னது என்று இரண்டு வரி விளக்கம் இல்லாவிட்டால் தேர்வாளர் தானாக ஒரு முடிவுக்கு வருவார். அதே நேரத்தில், விளக்கம் அந்த 8ஐ 12 ஆக்கிவிடாது. கணக்குப் பாடங்களில் இப்படி இரண்டு மூன்று இருந்தால் ஜிமேட் என்ற பிசினஸ் ஸ்கூல் நுழைவுத்தேர்வின் கணக்குப் பகுதியில் நல்ல மதிப்பெண் காட்டுவதுதான் பதில்.

சுருக்கெழுத்துகளையும் விடக் கூடாது. ஏடிஎம் தேறியவர், ஏஜே தேறாதவர், ஏபிஐ காரணமின்றித் தேர்வுக்கு வராதவர். பாடப்பிரிவு பிடிக்காமல் முதல் பருவத்தின் நடுவில் வேறு துறைக்குப் போனவரின் பட்டியலில் ஏபிஐ, ஏபிஐ என்று வரிசையாகப் பூச்சியங்கள் நிற்கும். மருத்துவ முதலாண்டில் போட்டித் தேர்வு எழுதி இடம் கிடைக்காமல் லிசான்சுக்கு வந்தவர்களின் நிலையும் இதுவே. 2010 முதல் 2020 வரை அந்த முதலாண்டு பாசெஸ் என்ற பெயரில் நடந்தது. இடங்களின் எண்ணிக்கைக்குக் கடும் வரம்பு இருந்ததால் பெரும்பாலோர் வெளியேறினார்கள், பலர் அதே ஆண்டை இரண்டு முறை படித்தார்கள். முதலாண்டை மறுபடி படிப்பது பிரான்சில் அன்றாடச் சங்கதி, அமெரிக்காவில் அபாய அறிகுறி. கூடுதல் தகவல் பகுதியில் மூன்று வாக்கியம் போதும்: என்ன தேர்வு, எத்தனை பேருக்கு எத்தனை இடம், அதற்குப் பின் எடுத்த மதிப்பெண் என்ன. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், நீளமும் வேண்டாம்.

பிரெபாவும் கிராந்த் எக்கோலும்

எச்.இ.சி., எசெக், பாலிடெக்னிக், சென்த்ரால் போன்ற பள்ளிகளிலிருந்து வருபவர்களின் குழப்பம் வேறு வகை. இரண்டு ஆண்டு பிரெபா எனப்படும் ஆயத்த வகுப்பு, பிறகு போட்டித் தேர்வு, பிறகு பள்ளியில் மூன்று ஆண்டு, சில பொறியியல் பள்ளிகளில் இன்னும் கூடுதலாக. கடைசியில் கைக்கு வருவது ஒரே பட்டம், அதுவும் மாஸ்டர் தரநிலையில். இளங்கலைப் பட்டம் என்று தனியாகத் தாள் எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்கப் படிவம் இளங்கலைப் பட்டத்தைக் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

பொதுவான தீர்வு இது. கிராந்த் எக்கோலை முதல் பட்டத்தின் இடத்தில் எழுதுங்கள். பிரெபாவைப் பட்டம் இல்லாமல் பயின்ற நிறுவனம் என்று தனியாகக் காட்டுங்கள். இது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு, முடிவில் மாஸ்டர் தரநிலை என்று கூடுதல் தகவலில் சொல்லுங்கள். ஒரே பட்டத்தை இளங்கலை, முதுகலை என்று இரண்டு இடத்தில் இரண்டு பட்டமாகப் போடாதீர்கள். அமெரிக்கப் பள்ளிக்கு அது தந்திரமாகத் தெரியும். பள்ளியில் படித்தபடியே பக்கத்துப் பல்கலைக்கழகத்திலும் பதிந்து லிசான்ஸ் வாங்கியவர்கள் அதைத் தாராளமாகத் தனிப் பட்டமாகப் போடலாம். உண்மையிலேயே அது இரண்டாவது தாள்.

பிரெபா மதிப்பெண்களைப் பார்த்தால் அமெரிக்கர் பயந்துதான் போவார். பிரெபா நடக்கும் நல்ல லீசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், கணிதத்தில் 9 வாங்கியவர் நாட்டின் முதல் சில நூறு பேரில் ஒருவராக இருக்கக்கூடும். இந்த மதிப்பெண்கள் மாணவரை அளப்பதற்கு அல்ல, விரட்டுவதற்குப் போடப்படுபவை என்று சொன்னால் ஆசிரியர்களே மறுக்க மாட்டார்கள். இங்கேயும் மீட்பது வரிசை இடம்தான்: தேசியப் போட்டித் தேர்வில் எத்தனை பேர் எழுதினார்கள், உங்கள் இடம் என்ன. பிரெபா பட்டியல்கள் பல்கலைக்கழகத்திடமோ பள்ளியிடமோ இருக்காது, பழைய லீசேயின் அலுவலகத்தில் இருக்கும். 2007 முதல் பிரெபாவுக்கும் 120 கிரெடிட் வரை காட்டும் சான்று ஒன்று வழங்கப்படுகிறது. பெட்டியில் எங்கோ கிடக்கும் அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

பிசினஸ் கிராந்த் எக்கோல்காரர்களுக்குத் தாள்களைவிடக் கடினமான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. நிதி, சந்தையியல், வியூகம் எல்லாம் ஏற்கெனவே மூன்று ஆண்டு படித்தாயிற்றே, மறுபடி ஏன்? பொறியாளருக்கும் சட்டம் படித்தவருக்கும் இந்தக் கேள்வி வராது. ‘அமெரிக்க அனுபவம் வேண்டும்’ என்ற பதில் நிற்காது. எந்தத் தொழிலுக்கு, எந்த நிலைக்குப் போகப்போகிறீர்கள், அந்தப் பள்ளியில் எந்தப் பாடம், எந்த ஆய்வகம், எந்தத் துறையின் முன்னாள் மாணவர்கள் அதற்குத் தேவை என்று இடத்தின் பெயரோடு சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. ஐரோப்பாவிலேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்சியாடின் ஓராண்டுப் படிப்பு பாதி நேரத்தில் வேலையை முடித்துவிடும்.

தாள்களைச் சேகரிப்பது

பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் பட்டச்சான்றிதழை ஒருமுறைதான் அச்சிடும். தொலைந்தாலோ அழிந்தாலோ அன்றி நகல் கிடைக்காது. ஆகவே அசலைத் தபாலில் எங்கும் அனுப்பாதீர்கள். பட்டம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தேர்ச்சிச் சான்று செல்லும். அசலுக்கு நிகரான நகல் வேண்டுமென்றால், பிரெஞ்சு அலுவலகங்களுக்காக நகலைச் சான்றளிக்கும் முறை 2001இல் நின்றுவிட்டது. வெளிநாட்டு நிறுவனத்துக்காக என்று சொன்னால் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் இன்றும் செய்து தருவார்கள். வாசலில் ‘அதெல்லாம் இப்போது இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், வெளிநாட்டுக்கு என்பதைத் திரும்பச் சொல்லுங்கள்.

லிசான்சின் மூன்று ஆண்டுக்கும் ஆறு பருவப் பட்டியல்கள் வேண்டும். கடைசி ஆண்டு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். டியுடி இரண்டு ஆண்டு ஓரிடத்திலும் மூன்றாம் ஆண்டு வேறிடத்திலும் படித்திருந்தால் இரண்டு இடத்துப் பட்டியலும் தேவை. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டில் கழித்த பருவத்துக்கு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பட்டியலையும் சேர்த்துக் கேட்கும் பள்ளிகள் உண்டு. பிரெஞ்சுப் பட்டியலில் அந்தப் பருவம் சில நேரம் ‘செல்லும்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்திருக்கும்.

நிறுவனப் பெயர் மாறியதும் ஒரு தொல்லை. பாரிஸ் 4, பாரிஸ் 6 இரண்டும் இணைந்து 2018இல் சோர்போன் பல்கலைக்கழகம் ஆயின. பாரிஸ் 5, பாரிஸ் 7 சேர்ந்தது இன்றைய பாரிஸ் சிதே. சென்த்ரால் பாரிசும் சுபெலெக்கும் 2015இல் ஒன்றாயின. படிவத்தின் பட்டியலில் பழைய பெயரும் புதிய பெயரும் தனித்தனியாக நிற்கலாம். சான்றிதழில் உள்ள பெயரையே தேர்ந்தெடுத்து, இன்றைய பெயரைக் குறிப்பில் சொல்லுங்கள். சேர்க்கைக்குப் பின் சரிபார்க்கும் நிறுவனம் உங்கள் தாளில் உள்ள பெயரைத்தான் ஒப்பிடும்.

மொழிபெயர்ப்பு: பல்கலைக்கழகமே ஆங்கிலப் பட்டியல் தந்தால் அதுவே சிறந்தது. சேர்த்து வரும் ‘பட்டத் துணை ஆவணம்’ மதிப்பெண் முறையை விளக்குவதால் அதையும் இணையுங்கள். இல்லாவிட்டால் நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். பசாப்ள், அசே பியென் போன்ற தரக்குறிப்புகளைப் பிரெஞ்சிலேயே விட்டு, அடிக்குறிப்பில் அளவை எழுதச் சொல்லுங்கள். பட்ட மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பணம் கட்டுவது, பள்ளி கேட்டால் மட்டும். பெரும்பாலான எம்பிஏ படிப்புகள் விண்ணப்பக் கட்டத்தில் அதைக் கேட்பதில்லை. பதிவேற்றிய நகல் போதும், அசல் சரிபார்ப்பு இடம் கிடைத்த பிறகு.

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு எழுதிய தாஜ் மாஜ் என்ற நுழைவுத்தேர்வு அமெரிக்காவில் செல்லாது. ஜிமேட் அல்லது ஜிஆர்ஈ வேண்டும். இரண்டும் ஐந்து ஆண்டு செல்லும். 2024 பிப்ரவரி முதல் நடப்பில் இருப்பது புதிய ஜிமேட் மட்டுமே: மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 700க்கு நிகர் இதில் சுமார் 645. பழைய அறிவுரையைப் படித்துவிட்டு 645 போதாது என்று கவலைப்படுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஆங்கிலத்தேர்வு தேவையா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். முழுக்க ஆங்கிலத்தில் நடந்த மாஸ்டர் என்றால் பயிற்றுமொழிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை அனுபவம்

அமெரிக்கப் பள்ளிகள் எண்ணுவது பட்டத்துக்குப் பிறகான முழுநேர வேலையை. பிரெஞ்சு மாணவரின் ஸ்தாஜ்கள் எனப்படும் பயிற்சிப் பணிகள், நடுவில் ஓராண்டு விடுப்பெடுத்துச் செய்த செசூர், படித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் வேலை செய்த அல்தெர்னான்ஸ் எல்லாம் கனமான அனுபவங்கள்தாம். ஆனாலும் அவற்றை முழுநேர வேலையின் கணக்கில் சேர்த்தால் ஆண்டுக்கணக்கு ஊதிப்போகும், சரிபார்ப்பில் இறங்கும். பயிற்சி வேலை என்று தனிப் பகுதியில் போட்டு, அங்கே என்ன செய்து முடித்தீர்கள் என்பதை எண்களோடு சொல்லுங்கள்.

வி.ஐ.ஈ. விஷயத்தில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. 18 முதல் 28 வயதுக்காரர்களைப் பிரெஞ்சு நிறுவனங்களின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு 6 முதல் 24 மாதம் அனுப்பும் திட்டம் இது. பிசினஸ் பிரான்ஸ் நிறுவனம் நடத்துகிறது. சட்டப்படி பெயர் ‘தன்னார்வலர்’, சம்பளத்துக்குப் பெயர் ‘உதவித்தொகை’. அதை நம்பிச் சிலர் சிங்கப்பூரில் இரண்டு ஆண்டு முழுநேரமாகச் செய்த நிதிப் பணியைத் தொண்டுச் சேவைப் பகுதியில் போட்டுவிடுகிறார்கள். பட்டம் முடித்தபின் செய்திருந்தால் அது முழுநேர வேலை. வேலைப் பகுதியில் எழுதி, நிர்வாக ஏற்பாட்டை ஒரு வரியில் சொன்னால் போதும். சம்பளக் கட்டத்தில் ஆண்டு மொத்தச் சம்பளத்தை, அதாவது பிடித்தத்துக்கு முந்தைய தொகையை எழுத வேண்டும். கையில் வரும் மாதத் தொகையை 12ஆல் பெருக்கி எழுதுபவர்கள் தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் மொத்தத்தில் சேரும்.

பரிந்துரைக் கடிதத்தில் அந்த 20க்கு 13 மனநிலை மறுபடி தலைகாட்டும். பிரான்சில் பரிந்துரை என்றால் ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்று தொடங்கும் ஒரு பத்தி: பொறுப்பானவர், நம்பகமானவர், வாழ்த்துகள். அமெரிக்கப் படிவம் கேட்பது வேறு. இதே பொறுப்பில் இருக்கும் மற்ற திறமைசாலிகளோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார், நீங்கள் இவருக்குச் சொன்ன முக்கியமான திருத்தம் என்ன, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? சம்பவங்களோடு பதில் வேண்டும். திறன்களுக்கு மதிப்பெண் இடும் கட்டங்களும் இருக்கும். பிரெஞ்சு மேலாளர் பழக்கதோஷத்தில் நடுக்கட்டத்தை நிரப்புவார். அவர் மனத்தில் அது பாராட்டு. ஆகவே கேட்கும்போதே அளவின் பொருளை விளக்குங்கள். ஒன்றாகச் செய்த நான்கைந்து பணிகளைத் தேதியோடு நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள். ஆங்கிலம் வராது என்றால் அவர் பிரெஞ்சில் எழுதி, மூன்றாம் ஆள் மொழிபெயர்க்கட்டும். விண்ணப்பதாரர் மொழிபெயர்க்கக் கூடாது. பதவி பெரிய நிர்வாக இயக்குநரைவிட அன்றாடம் கூடவே வேலை பார்த்த மேலாளர் எழுதுவதுதான் எப்போதும் நல்லது.

சுயவிவரம் ஒரு பக்கம். புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை எல்லாம் பிரெஞ்சு வழக்கம், இங்கே எடுத்துவிடுங்கள். கட்டுரைகளில் பள்ளியில் பழகிய வாதம், எதிர்வாதம், இணைப்பு என்ற வார்ப்பு வேண்டாம். அங்கே மாணவர் தன்னை மறைத்துக்கொண்டு எழுத வேண்டும், இங்கே தன்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். பல பிரெஞ்சு விண்ணப்பதாரர்களுக்கு மதிப்பெண்ணைவிட இதுவே பெரிய மலை.

பணமும் நாள்காட்டியும்

பொதுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டருக்கு ஆண்டுக்கு 250 யூரோ சுற்றிக் கட்டியவருக்கு அமெரிக்கக் கட்டணம் தலைசுற்றும். முன்னணிப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல். தங்குமிடமும் சாப்பாடும் காப்பீடும் சேர்ந்து இரண்டு ஆண்டில் 2 லட்சம் டாலரைத் தாண்டும். விண்ணப்பக் கட்டணமே ஒரு பள்ளிக்கு 250, 275 டாலர். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் தேவை அடிப்படையில்தான் உதவி தருகின்றன. அதற்கான படிவத்தில் கடந்த சில ஆண்டு வருமானம் கேட்பார்கள், பிரெஞ்சு வரி அறிவிப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்தால் ஜே-1 விசாவோடு ஒரு நிபந்தனையும் வரும்: படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்-1பி விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியும். அமெரிக்காவில் வேலை பார்க்கத் திட்டமிடுபவர் கையெழுத்துப் போடுமுன் இதை யோசிக்க வேண்டும்.

முதல் சுற்றின் கடைசி நாள் பொதுவாகச் செப்டம்பரில், இரண்டாம் சுற்று ஜனவரி தொடக்கத்தில். பிரெஞ்சுப் பதிவு அலுவலகங்கள் ஜூலை பின்பகுதியில் மூடி ஆகஸ்ட் கடைசியில்தான் திறக்கும். அந்த நாள்களில் மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் மட்டுமே வரும். முதல் சுற்றுக்குப் போகிறவர் பட்டியல்களையும் வரிசைச் சான்றையும் ஜூனிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். பரிந்துரைப்பவரையும் ஆகஸ்ட் விடுமுறைக்கு முன்பே பிடிக்க வேண்டும்.

படிப்பு முடிக்கும் முன்பே விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. ஹார்வர்டின் 2+2 போன்ற தாமதச் சேர்க்கைத் திட்டங்கள், இளங்கலையிலிருந்து முழுநேர வேலைக்குப் போகாமல் நேரே வந்த மாஸ்டர் மாணவர்களையும் ஏற்பதால் பிரெஞ்சு மாணவர்களுக்கு நன்றாகவே பொருந்தும்; சேர்வது சில ஆண்டு கழித்து என்பதால் பட்டம் வரத் தாமதமானாலும் பாதகமில்லை. நிதி, மேலாண்மை போன்ற சிறப்பு மாஸ்டர் படிப்புகளுக்கு நேரே போகிறவர்களுக்கு அப்படி அல்ல. பிரெஞ்சு மாஸ்டர் இரண்டாம் ஆண்டின் ஸ்தாஜ் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பர் வரை போகும். பிறகு வாய்மொழித் தேர்வு, பிறகு இலையுதிர்காலத்தில் தேர்ச்சியை முடிவு செய்யும் நடுவர் குழு. அமெரிக்க வகுப்புகளோ ஆகஸ்டில் தொடங்கிவிடும். லிசான்சை அடிப்படைப் பட்டமாக வைத்து இடம் கொடுத்திருந்தால் மாஸ்டர் முடிவு வராமலே போய்ச் சேரலாம். மாஸ்டரைச் சேர்த்துப் பார்த்து இடம் கொடுத்திருந்தால், அல்லது கிராந்த் எக்கோல் போல ஒரே பட்டம் என்றால், ஆகஸ்டுக்குள் தேர்ச்சிச் சான்று கைக்கு வர வேண்டும். ஸ்தாஜை ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்குவது, வாய்மொழித் தேர்வை ஜூனுக்கு முன்தள்ளுவது, நடுவர் குழுவை ஜூலையில் கூட்டச் சொல்லிப் படிப்பின் இயக்குநருக்கு எழுத்தில் விண்ணப்பிப்பது என்று மூன்றையும் முந்தைய இலையுதிர்காலத்திலேயே பேசி முடித்தால் நடக்கும். மே மாதத்தில் கேட்டால் ஸ்தாஜ் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்தாகியிருக்கும். அதன் முடிவு தேதியை மாற்ற நிறுவனம், பல்கலைக்கழகம், மாணவர் என மூன்று தரப்பும் மறுபடி கையெழுத்திட வேண்டும்.